ஓட்டைக்கல் வீடு

நம்முடைய வயதுக்காரர்கள் கூடினால் இப்போது கதைக்கிறதற்கு இரண்டே விசயம்தான்: சீனி வருத்தம், முழங்கால் வருத்தம். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல எனக்கு இடம் விடுங்கள். கல்முனைக்குடிக் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு எங்கள் வீடு ஞாபகம் இருக்கும். "ஓட்டை ஊடு" என்று நீங்களே எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை "ஓட்டை ஊட்டுப் புள்ள" என்று கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு இதை வாசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோபம் இல்லை. ஆனால் அந்த வீடு எத்தனை நாள் ஓட்டை வீடாக இருந்தது என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடைத்ததற்குக் காரணம் நான்.

நம் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் ராத்தாவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்கு ஒன்பது. வாப்பா கொந்தராத்துக்காரர், கட்டட வேலைகளுக்குக் கல்லும் மணலும் ஏற்றிக் கொடுப்பவர். ஊருக்கெல்லாம் கல் ஏற்றுகிறவர் சொந்த மகளுக்கு இன்னும் அத்திவாரம் கூடப் போடவில்லையே என்று உம்மா விடிந்தால் பொழுதுபட்டால் ஓதிக்கொண்டிருந்தாள். கலியாணமாகாத குமர் இருக்கிற வீடென்றால் மடியில் நெருப்புத்தானே.

அந்த நேரத்தில்தான், நோனா என்று நாங்கள் கூப்பிட்ட அந்தச் சீமாட்டி வந்தார். மருதமுனையில் நெசவுக்காரருக்கு ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அதற்குப் படம் கீறியவர் அவர். கொழும்பிலிருந்து ஒரு சின்னக் கறுப்புக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கழுத்தோடு வெட்டிய முடி, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய நூல் சீலை, காலில் ஆண்கள் போடுகிற தோல் செருப்பு. சாரத்தில் ஏறி மூன்றாம் தட்டில் நின்று மட்டம் பார்ப்பார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று கட்டுகிறவர்களின் தலைவரான மேசன் பாஸுக்குத் தெரியவில்லை. முதல் நாள் "தங்கச்சி" என்று தொடங்கினாராம், இரண்டாம் நாள் "அம்மா" என்றாராம், ஒரு தூணை உடைத்துத் திருப்பிக் கட்டச் சொன்ன பிறகு "சேர்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். கடைசி வரைக்கும் சேர்தான். இந்த நாட்டில் இந்தத் தொழிலுக்கு முதலில் வந்த பெண்களில் அவர் ஒருவர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. படம் கீறுகிற நோனா, அவ்வளவுதான்.

நோனா வளர்ந்தது மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழைத்தான் எங்களோடும் கதைத்தார். "வாங்க, ஒக்காருங்க" என்று என்னைப் போன்ற சின்னப் பிள்ளைக்கும் மரியாதை கொடுப்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது.

வாப்பா ஒரு நாள் அவரைப் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். சாப்பாடு முடிந்து கை கழுவின பிறகு மெதுவாக விசயத்தை எடுத்தார். கடற்கரைப் பக்கமாக வளவு இருக்கிறது, ஒரு வீட்டுக்குப் படம் கீறித் தர வேண்டும்.

"வீடு யாருக்குங்க?"

"மூத்த புள்ளைக்கு. அவட பேருலதான் உறுதி முடிக்கிற."

"அப்ப அவங்கதான் வீட்டுக்காரவங்க. அவங்ககிட்ட கேக்கணுமே."

வாப்பா சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்துவிட்டார். "அது குமர்ப்புள்ள. அதுட்ட என்னத்தக் கேக்கிற? மூணு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. மிச்சம் உங்கட எண்ணம்."

"உங்க பேருல இருந்தா உங்ககிட்ட கேப்பேங்க" என்று சொல்லிவிட்டு நோனா எழும்பிக் குசினிப் பக்கம் போனார். பெண் பேரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவது நம் தலைமுறை தலைமுறையான வழக்கம். பேர் அவளுடையது, வீடு மாப்பிள்ளைக்கு, பேச்சு ஆண்களுக்கு. இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. நோனா எழுத்தில் இருந்ததை எழுத்தாகவே எடுத்துக்கொண்டார். அவர் பிழையாக விளங்கிக்கொண்டாரா, நாங்கள்தான் அதுவரை பிழையாக விளங்கி வைத்திருந்தோமா என்று எனக்கு இன்றைக்கும் முடிவு தெரியாது.

குசினியில் ராத்தா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நோனா தேங்காய் திருவுகிற கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி வீடு வேணும் என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ராத்தா "வாப்பா சொல்ற மாதிரி" என்றாள். பிறகு நோனா ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, காலையில் எழும்பினதிலிருந்து படுக்கப் போகிற வரைக்கும் எங்கெங்கே நடக்கிறீர்கள் என்று கோடு போட்டுக் காட்டுங்கள் என்றார். அது ராத்தாவுக்கு விளங்கியது. கிணறு, அடுப்படி, கொடிக்கயிறு, ஆட்டுப்பட்டி, ஓதுகிற மூலை. கோடு போய்ப் போய் வந்தது. ஒரு கோடு மட்டும் பின்வேலிக்குப் போய்த் திரும்பியது, ஒரு நாளுக்கு ஐந்து தரம்.

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல."

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு அஞ்சு தரம் போறீங்களே?"

ராத்தா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மா பானையைப் பார்த்தாள். "அங்க நிண்டா கடல் சத்தம் நல்லாக் கேக்கும்" என்றாள் ராத்தா.

"பாக்க முடியாதா?"

"கண்டு நாலு வருசம்."

நோனாவுக்கு அது உடனே விளங்கவில்லை. கடல் எங்கள் வேலியிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் ராத்தா பெரிய பிள்ளையான நாளிலிருந்து தென்னோலைக் கிடுகு வேலிக்கு வெளியே கால் வைத்தது பெருநாளைக்கு மாமி வீட்டுக்குப் போக மட்டும், அதுவும் சுற்றிச் சீலை கட்டின மாட்டு வண்டிக்குள். நான் ஒவ்வொரு நாளும் கடலில் குளித்துவிட்டு உப்புத் தலையோடு வந்து நிற்பேன். ராத்தா என் தலையைத் துடைக்கிற போது மணந்து பார்ப்பாள். அப்போது அது எனக்கு ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது.

நோனா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமை கழித்து நீலத்தாளில் படம் வந்தது. மூக்கில் அறைகிற ஒரு மருந்து வாசம் அதில் இருந்தது. அதிலும் ராத்தா பிழை கண்டுபிடித்தாள். பெரிய திறப்பெல்லாம் மேற்கே பார்த்திருந்தன. கொழும்பில் கடல் மேற்கே, நல்ல காற்று அங்கிருந்துதான் வரும். "இஞ்ச மேற்கால வாற கச்சான், வயலெல்லாம் காய்ச்சிப் போட்டு நெருப்பு மாதிரி வரும். அதுக்கு ஊடு முதுகு காட்டணும். பின்னேரம் கடல்காத்து கிழக்கால வரும்" என்று ராத்தா தாளைத் திருப்பி வைத்துக் காட்டினாள். நான் அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்ததை அதற்கு முதல் கேட்டதில்லை. நோனா, "நான் படிச்ச எடத்துல இத யாரும் சொல்லித் தரலீங்க" என்றார். படம் முழுவதையும் திருப்பிக் கீறினார்.

இரண்டாம் படத்தில்தான் அந்தச் சுவர் இருந்தது. மேல்மாடியில் ஒரு அறை. அதன் கடல்பக்கச் சுவர் இடுப்பளவுக்குச் சாதாரணச் சுவர், அதற்கு மேலே கூரை வரைக்கும் துளை போட்ட சீமெந்துக் கற்கள். ஒவ்வொரு துளையும் உள்ளங்கை அகலம், ஒரு முழ ஆழம். காற்று வரும், மழைச் சாரல் வராது. "உள்ள நிக்கிறவங்களுக்கு வெளிய எல்லாம் தெரியும். வெளிய வெயில்ல நிக்கிறவங்களுக்கு உள்ள இருட்டுதான் தெரியும். வெளக்கு ஏத்துனா மட்டும் உள்பக்கம் பலகைக் கதவை மூடிக்கங்க" என்று நோனா உம்மாவுக்கு விளக்கினார். உம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. மறைப்பும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? வாப்பாவுக்கும் பிடித்தது. அவர் பெருமையை விரும்புகிற மனிதர்.

தச்சு வேலை செய்கிற ஓடாவி மரத்தில் அச்சுச் செய்தார். பாஸ் வளவில் வைத்தே கல் ஊற்றினார். அந்தக் கச்சான் காலம் முழுவதும் எங்கள் வளவில் ஈரச் சாக்குக்குக் கீழே கற்கள் வரிசையாகக் கிடந்தன. நான் ஒவ்வொரு துளையிலும் கண்ணை வைத்து ஆட்டைப் பார்ப்பேன், கோழியைப் பார்ப்பேன். பாஸ் சத்தம் போடுவார். வேலையாட்கள் நிற்கும் வரைக்கும் ராத்தா அந்தப் பக்கம் வரக் கூடாது. பழைய வீட்டின் யன்னலுக்குள் நின்று, இண்டைக்கு எத்தனை கல் என்று என்னிடம் கேட்பாள். நான் எண்ணிச் சொல்வேன். சுவர் எழும்பி முடிந்தபோதும் அவள் அதை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தாள். மாடிக்கு ஏறினதே இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சுவர் எழும்பின மறுநாளே தொடங்கிவிட்டது. கொந்தராத்துக்காரருக்குக் கல் தட்டுப்பட்டுப் போச்சாம், பாதிச் சுவரை ஓட்டையாவே விட்டுட்டாராம். புறாக்கூடாம். இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். பெண்களின் பக்கத்தில் வேறு கதை ஓடியது: குமர்ப்புள்ளய ஓட்டைக்குள்ளால ஊருக்குக் காட்டப் போறாங்க. அந்தக் கதை மாமாவின் காதுக்குப் போனது. மாமா என்றால் வாப்பாவின் தங்கையைக் கட்டியவர், சம்மாந்துறையில் வயல் வைத்திருந்தவர். அவருடைய மகனைத்தான் ராத்தாவுக்குப் பேசி வைத்திருந்தார்கள்.

மாமா வந்து மண்டபத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார். "மச்சான், நான் ஒண்டும் சொல்லல்ல. ஊர் சொல்லுது. உள்ளுக்கு நிக்கிற புள்ள வெளிய தெரியிமெண்டா அந்த ஊட்டுக்கு என்ட மகன் வரமாட்டான்."

"தெரியாது மச்சான். நோனா சொல்லித்தான் கட்டின."

"நோனாட சொல்ல வெச்சு நிக்காஹ் முடிக்க ஏலுமா?"

அப்படியென்றால் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. ராத்தா உள்ளே நிற்க வேண்டும், ஒருவர் கடற்கரையிலிருந்து பார்க்க வேண்டும். இதில்தான் சிக்கல். வாப்பா பார்த்தால் அது மகளுக்குச் சாதகமான கண், மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். மாமாவோ வேறு ஆணோ பார்க்கலாமா? தெரிந்துவிட்டால் அந்நிய ஆண் குமரைப் பார்த்த பாவம் வந்து சேரும். பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெப்பையிடம் போனார்கள். அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, "புத்தியறியாத புள்ளட கண்ணுக்குப் பாவமுமில்ல, பட்சமுமில்ல. சின்னவ பாத்துச் சொல்லட்டும்" என்றார். மூன்று பெரிய மனிதர்கள், ஒரு வீட்டின் தலைவிதியை ஒன்பது வயதுப் பிள்ளையிடம், ஒரு மூக்குச்சளிக்காரியிடம் ஒப்படைத்தார்கள். இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு சிரிக்க ஏலாமல் போகிறது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து போனோம். வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. உம்மா ராத்தாவை மாடிப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், "மேல போய் ஓட்டைக்கு நேர நில்லு" என்று சொல்லி ஏற்றிவிட்டு, கீழே படியில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் நான்கு பேரும் மணலில், தோணி இழுத்துப் போட்டிருந்த இடத்தில் நின்றோம். வாப்பா, மாமா, லெப்பை மூன்று பேரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். என்னை மட்டும் வீட்டைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். வாப்பாவும் ஏன் திரும்பி நின்றார் என்றால், அவர் எனக்குக் கண் காட்டிவிடுவார் என்று மாமாவுக்குச் சந்தேகம். காற்றில் மூன்று சாறனும் படபடவென்று அடித்தது.

நான் என்ன நினைத்தேன் என்று நேரே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் கண் சோதித்தார்கள். சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, தூரத்தில் நின்று வாசிக்கச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை கீழ் வரி தெரியவில்லை என்றாள். அவளைத் தனியாக நிற்க வைத்தார்கள், வகுப்பே அவளைக் குருடி என்றது. எனக்கும் கீழ் வரி சரியாகத் தெரியவில்லை. ஆனால் முன்னால் போனவள் வாசித்தது காதில் இருந்தது, அதையே சொன்னேன். கெட்டிக்காரி என்று டீச்சர் முதுகில் தட்டினார். தெரியுது என்று சொல்கிறவள் கெட்டிக்காரி. எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

"என்ன தெரியிது?" என்று லெப்பை கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"செவரு."

"ஓட்டைக்குள்ள?"

"இருட்டு."

அலை ஒன்று வந்து போனது. "நல்லாப் பாரு புள்ள" என்றார் மாமா.

பார்த்தேன். வரிசை வரிசையாகக் கறுப்பு ஓட்டை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இருட்டுத்தான்.

"வடிவாப் பாத்துச் சொல்லு. ஒண்டும் தெரியல்லயா ஒனக்கு?"

மாமாவின் அந்தக் குரலைக் கேட்டதும், நான் தோற்கப் போகிறேன் என்று பயந்துவிட்டேன். "ராத்தா தெரியிறா" என்றேன்.

வாப்பாவின் தோள் அசைந்தது. திரும்பவில்லை. "என்ன உடுத்திரிக்கா?" என்று மாமா கேட்டார்.

"பச்சைத் தாவணி."

வெளிக்கிடும் முன்னால் ராத்தா பச்சைத் தாவணியைப் போட்டதை நான் பார்த்திருந்தேன். மாமா என் தலையில் கை வைத்து, "உள்ளதச் சொன்னாய்" என்றார். லெப்பை ஏதோ ஓதினார். வாப்பா மணலில் முன்னால் நடந்தார். நான் துள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஓம், துள்ளிக்கொண்டுதான் போனேன். அதை மறைத்து என்ன செய்ய?

வாப்பா படியடியில் நின்று "இறங்கி வரச் சொல்லு" என்றார். உம்மா கூப்பிட்டாள். ராத்தா இறங்கி வந்தாள். "சின்னவளுக்குத் தெரிஞ்சிட்டு. பச்சைத் தாவணி எண்டு நிறத்தோட சொல்லுறா" என்றார் வாப்பா. ராத்தா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இவ்வளவு காலம் ஞாபகம் நின்றிருக்காது. விளங்காத கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்றைக்குப் பொழுதுபட எனக்குத் தலை பின்னும்போது கேட்டாள்.

"வடிவாத் தெரிஞ்சிதா?"

"ஓம்."

"பச்சை தெரிஞ்சிதா?"

"ஓம்."

"சரி" என்றாள். பின்னலை முடித்து நுனியில் நாடா கட்டினாள்.

விடிய பாஸ் வந்து உள்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்து, வெளியே ஓட்டைகளுக்குச் சாந்து அப்பினார். நோனா அடுத்த கிழமை வந்தார். கார்க் கதவைச் சாத்தாமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா நடந்ததைச் சொன்னார். நோனா என்னைத் தேடிப் பார்த்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் குனிந்து என் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். சட்டென்று நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்துவிட்டார்.

"ஐயா, அது நடக்காதுங்க. அந்தத் தூரத்துல நெறம் தெரியாது. மறுபடி ஒருக்கா பாருங்க."

"புள்ள பொய் சொல்லாது நோனா" என்றார் வாப்பா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அப்பிடி இல்லையெண்டே வெச்சிக்குவம். தெரியிதெண்டு ஊர் கதைச்சிட்டு. இனித் தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரித்தான்."

நோனா ராத்தாவிடம் கதைக்க வேண்டும் என்றார். பிள்ளைக்குச் சுகமில்லை என்று உம்மா சொன்னாள். ராத்தா சுகமாகத்தான் இருந்தாள், அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றாள். கார் போன சத்தம் அடங்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள். நோனா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நீலத்தாள் படங்களை உம்மா என் பள்ளிப் புத்தகங்களுக்கு உறையாகப் போட்டாள். சூழல் புத்தகத்துக்கு மாடிப்படி, கணக்குக் கொப்பிக்கு அந்தச் சுவர். அடுத்த மாரிக்குள் அதெல்லாம் கிழிந்து போனது. ராத்தாவுக்கு மாமாவின் மகனோடு கலியாணம் நடந்தது. மச்சான் நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலறை கச்சானில் அடுப்பாகக் கொதிக்கும், யாரும் படுக்க ஏலாது. நெல் மூட்டை அடுக்கினார்கள், பிறகு உடைந்த தொட்டிலும் பழைய வலையும் அதற்குள் போயின. பிள்ளைகள் பிறந்த பிறகு ராத்தா கடற்கரைக்கு எத்தனையோ தரம் போனாள். மூடுசீலையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை விளையாட விட்டு நிற்பாள். போகலாம் வரலாம் என்று ஆன பிறகு அவளுக்கு அதில் பெரிய விருப்பம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு ராத்தா சம்மாந்துறையில் மகள் வீட்டில் இருந்தாள். மச்சான் வீட்டில் இருந்தார். வீடும் இல்லை, மச்சானும் இல்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை, உங்களில் எழுதாத வீடு எது? அதற்குப் பிறகு ராத்தா கடற்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. சம்மாந்துறையிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய அறை யன்னலுக்கு வெளியே வயல்தான்.

போன கச்சானில் ஒரு பிள்ளை எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். நம் ஊர்ப் பிள்ளைதான், பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். நோனாவைப் பற்றி எழுதப் போகிறாளாம். நோனா இறந்து கனகாலம். அவருடைய படங்களை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறார்களாம், அதில் எங்கள் வீடும் கிடந்ததாம். கையகலக் கணினியில் அதைத் திறந்து ராத்தாவின் மடியில் வைத்தாள். ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் அந்தப் படத்தில் மாடிப்படியைத் தேடி ஏறினாள்.

"மூலையில இந்தப் பெட்டி இரிக்கித்தானே மூத்தம்மா, இதுலதான் ஊட்டுக்காரர்ர பேர் எழுதுற. உங்கட வாப்பாட பேர் இல்ல. உங்கட பேர்தான் இரிக்கி" என்றாள் பிள்ளை.

"திருப்பி வாசி மகள்."

வாசித்தாள். ராத்தா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளை அந்தச் சுவரைப் பெரிதாக்கிக் காட்டி, இவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டின சுவரை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டாள். யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்களாம். நான் முப்பத்து மூன்று வருசம் வாத்தியாராக இருந்தவள், பொய் சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தினவள். எழுபது வயதுக்குப் பக்கத்தில் வந்து அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது.

"நான் பொய் சொன்ன ராத்தா. எனக்கு அண்டைக்கு ஒண்டுமே தெரியல்ல. இருட்டுத்தான் தெரிஞ்ச."

"தெரியும்" என்றாள் ராத்தா.

"என்னெண்டு தெரியும்?"

"நான் அதுல நிக்கல்ல." கணினியை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "ஏறிப் போனதும் பயம் வந்திட்டு. தப்பித்தவறித் தெரிஞ்சிட்டா அந்தச் செவரு போயிருமே எண்டு. ஓட்டைக்கு நேர நிக்கச் சொன்னாங்க. நான் நிக்காம, கீழ்ச்செவரு மறைவுல தரையோட தரையாப் படுத்திட்டன். உம்மா கூப்பிட்ட பொறகும் குனிஞ்சபடிதான் எறங்கி வந்த. வாப்பா பச்சை தெரிஞ்ச எண்டு சொல்றார். ஆரப் பாத்தா இவள் எண்டு யோசிச்ச."

"அப்ப ஏன் ராத்தா வாப்பாட்டச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? நான் படுத்துக் கிடந்த எண்டு சொன்னா, ஏன் படுத்தாய் எண்டு கேப்பார். வாப்பாவ ஏமாத்தித்தான் படுத்த. ஒரு குமர்ப்புள்ள அவ்வளவு ஆசப்பட்ட எண்டு எப்பிடிச் சொல்ற?"

அறுபது வருசம் என் பொய் அவளுக்குத் தெரிந்திருந்தது, அதோடு தன் பொய்யையும் சேர்த்து மடக்கி வைத்துக்கொண்டு எனக்குத் தலை பின்னியிருக்கிறாள், என் கலியாணத்துக்குச் சோறு ஆக்கியிருக்கிறாள், என் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள். நான் அழுதேன். அந்தப் பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா அழவில்லை. அவள் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"நீ படிச்ச புள்ள, சொல்லு மகள். நான் அதுல நிண்டிருந்தா, கடக்கரையில நிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிரிக்குமா?"

"இல்ல மூத்தம்மா. அந்த நேரத்து வெளிச்சத்துக்குத் தெரிஞ்சிரிக்காது. ஒண்டும் தெரிஞ்சிரிக்காது."

ராத்தா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது.

"அப்ப நான் எழும்பி நிண்டு ஒருக்கா கடலப் பாத்திரிக்கலாம்" என்றாள்.